உப்புத் தண்ணீரால் பழுதாகும் வீட்டுச் சாதனங்கள்: அறிகுறியை வைத்துக் காரணம் கண்டறியும் வழிமுறை

புதுச்சேரி, கடலூர் பக்கத்து வீடுகளில் கீசர், வாஷிங் மெஷின், ஆர்.ஓ. ஆகியவற்றைப் பழுது பார்க்கும் வேலையில், விதவிதமாகச் சொல்லப்படும் குறைகளைத் தேடிப் போனால் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் குழாயில் வரும் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரில் மூன்று தனித்தனித் தொல்லைகள் இருக்கலாம். சூடு பட்டதும் வெள்ளைப் பாறையாகப் படியும் சுண்ணாம்புக் கடினத்தன்மை ஒன்று. அதிகம் படியாமல் உலோகத்தை அரிக்கும் கடல் உவர்ப்பு இன்னொன்று. பழுப்புக் கறை விடும் இரும்பு மூன்றாவது. ஒன்றுக்கான வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்வதால்தான் பலர் கீசருக்குப் புதுக் காயிலும் (தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச் சுருள்) ஆர்.ஓ.வுக்குப் புது மெம்பரேனுமாக (உப்பை வடிக்கும் படலம்) மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவே இல்லாத காரணத்தில் தொடங்கி, செலவு பிடிக்கும் காரணம் வரை வரிசைப்படுத்தியிருக்கிறேன். அந்த வரிசையிலேயே சோதியுங்கள். கீசரைத் திறக்கும் முன் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, மின்பெட்டியில் அதற்குரிய தானியங்கித் துண்டிப்பானான எம்.சி.பி.யையும் இறக்கிவிட வேண்டும்.

## தொடங்கும் முன்: எந்தப் படிவு, எந்தத் தண்ணீர்

குழாய் நுனியிலோ வாளியின் விளிம்பிலோ இருக்கும் படிவைச் சிறிது சுரண்டி ஒரு தட்டில் வைத்து, அதன் மேல் நான்கைந்து சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கிக் கரைந்தால் அது சுண்ணாம்பு, அதாவது கடினத்தன்மை. நுரைக்காமல் செம்பழுப்பாகவே கிடந்தால் இரும்பு அல்லது துரு. வெறும் தண்ணீரிலேயே கரைந்துவிட்டால் அது உவர்ப்பு உப்பு. நம் ஊரில் சுண்ணாம்பும் உவர்ப்பும் சேர்ந்தே இருக்கும் வீடுகள் நிறைய உண்டு. தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் போலக் கடலை ஒட்டிய இடங்களில் ஆழமில்லாத போர்க் கிணற்றை அதிகம் இறைத்தால், கடல் நீர் நிலத்தடியில் உள்ளே நகர்ந்து வரும் வாய்ப்பு இருக்கிறது.

அடுத்தது அளவு. பலரிடம் இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் கடினத்தன்மையைக் காட்டாது. அது கரைந்திருக்கும் எல்லா உப்புகளையும் மின்கடத்தும் திறனை வைத்து மொத்தமாக மதிப்பிடுகிறது. 1000 என்று காட்டும் தண்ணீரில் பெரும்பங்கு சோடியம் உப்பாக இருந்தால் கீசரில் பாறை குறைவாகவும் அரிப்பு அதிகமாகவும் இருக்கும். கடினத்தன்மையை அறிய, மீன் தொட்டிச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் சொட்டுச் சோதனைக் கிட் போதுமானது. அவற்றில் பலவற்றில் ஒரு சொட்டு ஏறக்குறைய லிட்டருக்கு 18 மில்லிகிராமைக் குறிக்கும். நம் போர் தண்ணீருக்குச் சொட்டுகள் முப்பதைத் தாண்டிக் கண் குழம்பும் என்பதால், பாதித் தண்ணீரும் பாதி டிஸ்டில்டு வாட்டரும் கலந்து சோதித்து, வந்த விடையை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். முறையான அறிக்கை வேண்டுமென்றால் கடலூர்ப் பக்கத்தார் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தை அணுகலாம்.

மாதிரியைச் சமையலறைக் குழாயில் மட்டும் பிடித்தால் பாதி உண்மைதான் தெரியும். தெருக் குழாய்த் தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே சம்ப்பில் கலக்கும் வீடுகளில், இரண்டையும் தனித்தனியாகவும், மாடித் தொட்டித் தண்ணீரை இன்னொரு முறையும் சோதிக்க வேண்டும். கத்திரி வெயிலில் ஏறும் எண் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு இறங்கலாம் என்பதால், மோசமான மாதத்து அளவை வைத்தே முடிவெடுங்கள். ஒரே தெருவில் இரண்டு போர்களுக்கு இடையே பெரிய வித்தியாசம் இருக்கலாம். கடலூரின் பெயரையே தாங்கிய மணற்கல் அடுக்குவரை இறங்கிய குழாய்க்கும், மேல் வண்டலில் நின்றுவிட்ட குழாய்க்கும் தண்ணீர் ஒன்றாக இருக்காது; பக்கத்து வீட்டு அறிக்கை உங்களுக்கு உதவாது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு வழி இல்லாதபோது 600வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. அது குடிப்பதற்கான கணக்கு. சாதனங்களுக்கு என் கணக்கு வேறு: 200க்குள் இருந்தால் கவலை வேண்டாம், 200 முதல் 400வரை முறையாகச் சுத்தம் செய்தால் சமாளிக்கலாம், அதற்கு மேலே போனால் கீழே உள்ள அறிகுறிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கும்.

சுத்தம் செய்ய வினிகரும் எலுமிச்சை உப்பு என்று கடைகளில் விற்கும் சிட்ரிக் அமிலமும் போதும். கழிவறை ஆசிட்டை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், குரோம் பூச்சு, மார்பிள், மொசைக் எதன்மீதும் விடாதீர்கள். எந்த அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரோடோ பிளீச் திரவத்தோடோ கலக்கவே கூடாது; குளோரின் வாயு வெளிப்படும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

## கீசரில் கடகடவென்று சத்தம் வருகிறது

காயில்மீது படிந்த பாறைக்குள் சிக்கிய தண்ணீர் அங்கேயே கொதித்து வெடிப்பதால் வரும் சத்தம் இது. தெர்மோஸ்டாட் குமிழ் உச்சத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 60 டிகிரிக்கு மேல் போகப் போகப் படிவு வேகமெடுக்கும். நம் ஊர்க் குளியலுக்கு 55 டிகிரி போதும். நெடுநாள் பூட்டியிருந்த வீட்டில் மட்டும், ஒரு முறை உச்சச் சூட்டுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரை முழுதும் வெளியே விட்ட பிறகு குளியுங்கள்.

குறைத்த பின்னும் சத்தம் நீடித்தால் அடியில் கல் சேர்ந்திருக்கிறது. எம்.சி.பி.யை இறக்கி, தண்ணீர் ஆறிய பின் உள்வரும் வால்வை மூடி, சுடுநீர்க் குழாயைத் திறந்து வைத்து, கீழே உள்ள வடிகால் திருகைக் கழற்றி வாளியில் பிடியுங்கள். வரும் தண்ணீரைத் துணியில் வடிகட்டினால் எதைச் சமாளிக்கிறோம் என்பது கண்ணெதிரே தெரியும். முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டுக் கீசரில் இப்படி வடித்தபோது, முட்டை ஓடு போல வளைந்த வெள்ளைச் சில்லுகள் வந்தன; காயிலின் உருட்டு வளைவு அவற்றின் உட்புறத்தில் அச்சாகப் பதிந்திருந்தது. காயில் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும்போது பாறை இப்படித் தானாகவே உடைந்து விழும். அந்த அளவுக்கு வந்துவிட்டால் வடிப்பது மட்டும் போதாது, காயிலை வெளியே எடுத்தாக வேண்டும்.

காயிலை எடுப்பது மெக்கானிக்கின் வேலை. அவர் செய்வதை நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். காயிலை லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, மரக்குச்சியால் தட்டி எடுக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் உறை கீறி, அங்கேயே ஓட்டை விழும். தொட்டியின் உட்சுவரில் இருக்கும் கண்ணாடிப் பூச்சுமீது உலோகம் எதுவும் படக் கூடாது. மூடித் தகட்டின் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) புதிதாக இருக்க வேண்டும். எல்லாம் பூட்டிய பின், சுடுநீர்க் குழாயில் காற்று நின்று தண்ணீர் தொடர்ச்சியாக வரும்வரை மின்சாரம் கொடுக்கவே கூடாது. காலித் தொட்டியில் காயில் சில நிமிடங்களில் கருகிவிடும்.

## கீசர் சூடாக நேரமாகிறது

எல்லோரும் முதலில் பாறையைத்தான் குற்றம் சொல்வார்கள். ஆனால் காயில் இழுக்கும் மின்சாரம் பாறையால் குறைவதில்லை. வெப்பம் தாமதமானாலும் தண்ணீருக்குள்தான் போகும். அதனால் வேறு இடங்களில் தேடுங்கள்.

கடிகாரம் வைத்து அளந்து பாருங்கள். 15 லிட்டர் தொட்டியும் 2 கிலோவாட் காயிலும் இருந்தால், 28 டிகிரித் தண்ணீர் 60 டிகிரியைத் தொட ஏறக்குறைய 17 நிமிடம் பிடிக்கும். மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கினால் அதே வேலைக்கு 27 நிமிடம் ஆகும். மாலையில் மட்டும் தாமதமானால் காரணம் மின்னழுத்தம். எப்போதும் தாமதமாகி, அளவும் சரியாக இருந்தால் தெர்மோஸ்டாட்டின் உணர்குழல்மீது படிவு இருக்கலாம். கீசர் விளக்கு சீக்கிரமே அணைந்து, தண்ணீர் அரைச் சூட்டில் நின்றால் அதுதான். காயிலைச் சோதிக்க, இணைப்பைக் கழற்றிவிட்டு மல்ட்டிமீட்டரில் மின்தடையைப் பாருங்கள்: 2 கிலோவாட்டுக்கு 26 ஓம் வாக்கிலும், 3 கிலோவாட்டுக்கு 18 ஓம் வாக்கிலும் காட்ட வேண்டும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது.

### சூடு வருகிறது, ஆனால் ஒரு வாளியிலேயே தீர்ந்துவிடுகிறது

அடியில் சேர்ந்த கல் தொட்டியின் கொள்ளளவைத் தின்றிருக்கலாம். மேலே சொன்னபடி வடித்துப் பாருங்கள். வடித்தும் மாறவில்லையென்றால், பச்சைத் தண்ணீரை அடியில் கொண்டு விடும் உட்குழாய் முறிந்து இரண்டும் மேலேயே கலக்கின்றன. இதற்கு மெக்கானிக் வேண்டும்.

## கீசர் போட்டால் டிரிப் ஆகிறது

இந்தப் பகுதியில் கடினத்தன்மையால் வரும் குறைகளிலேயே அவசரமானது இதுதான். எது விழுகிறது என்று பாருங்கள். எம்.சி.பி. விழுந்தால் ஒயர் உருகியிருக்கலாம் அல்லது காயில் ஷார்ட் ஆகியிருக்கலாம். மின்கசிவு கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. விழுந்தால், பாறைக்கடியில் அதிகச் சூடேறி காயிலின் உறை வெடித்து, தண்ணீருக்குள் மின்சாரம் கசிகிறது.

கீசர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை ஏற்றுங்கள். நிற்காவிட்டால் குறை வேறு எங்கோ இருக்கிறது. நின்றால், பிளக் பாயின்ட் கருகியிருக்கிறதா, கீசரின் கீழ்மூடிக்குள் தண்ணீர் கசிந்து இணைப்புகள் பச்சை பூத்திருக்கின்றனவா என்று பாருங்கள். உவர்ப்புத் தண்ணீரில் கேஸ்கெட் கசிவு மட்டுமே டிரிப்புக்குக் காரணமாவதும் உண்டு. மூடிக்குள் உலர்ந்து சுத்தமாக இருந்தால் காயிலைத்தான் சந்தேகிக்க வேண்டும். இதற்கு மேல் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். அவர் மின்காப்பைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகரால் காயிலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கட்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் காயிலை மாற்றித்தான் ஆக வேண்டும், சுத்தம் செய்து திரும்பப் போடும் பேச்சே கிடையாது.

டிரிப் தொல்லை தாங்காமல் ஆர்.சி.சி.பி.யை விலக்கி நேரடியாக இணைத்துக்கொள்ளும் வீடுகளைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. குழந்தைகளும் பெரியவர்களும் ஈரக் காலோடு நிற்கும் இடம் அது. டிரிப் ஆகும் கீசரைச் சரிசெய்யும்வரை அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக் குளியுங்கள்.

## கீசரின் பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது

சூடேறும்போது மட்டும் சில சொட்டு விழுந்தால் அது குறையே அல்ல, தண்ணீர் விரிகிறது. அணைத்த பின்னும் ஓயாமல் சொட்டினால் வால்வின் இருக்கையில் உப்புத் துகள் மாட்டியிருக்கும். அதன் நெம்புகோலை ஒருமுறை தூக்கித் தண்ணீரைப் பீச்சியடிக்கவிட்டு மூடுங்கள். பல நேரம் இதிலேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் வால்வை மாற்றுங்கள். சொட்டுகிறதே என்று முனையை அடைத்துவிட்டால் கீசர் வெடிக்க வழி செய்ததாகும்.

## சுடுநீர் பழுப்பாக வருகிறது அல்லது நாறுகிறது

பச்சைத் தண்ணீரும் பழுப்பாக இருந்தால் போரிலோ தொட்டியிலோ தேடுங்கள். சுடுநீர் மட்டும் பழுப்பென்றால், தொட்டியைக் காக்கத் தான் கரைந்து போகும் மெக்னீசியம் கம்பி தீர்ந்து, தொட்டியே அரிபடத் தொடங்கிவிட்டது. உவர்ப்பு மிகுந்த தண்ணீரில் இந்தக் கம்பி மிக வேகமாகக் கரையும். மற்ற ஊர்களில் ஆண்டுக்கொரு முறை பார்ப்பதை நம் கடற்கரையோர வீடுகளில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்கிறேன். பாதிக்கு மேல் தேய்ந்தாலோ நடு இரும்புக் கம்பி தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். தொட்டியே ஒழுகினால் ஒட்டு வேலை எதுவும் நிற்காது, புது கீசர்தான். அழுகிய முட்டை நாற்றம் என்றால், ஒரு முறை உச்சச் சூட்டில் வைத்துத் தொட்டியை முழுதும் கழுவி விடுங்கள். திரும்ப வந்தால் கம்பியை அலுமினியம் கலந்த வகைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

## சோலார் ஹீட்டரில் வெயில் இருந்தும் சூடில்லை

கண்ணாடிக் குழல்களின்மேல் உள்ள தூசியையும் காக்கை எச்சத்தையும் முதலில் துடையுங்கள். அடுத்து, தொட்டியின் உச்சியில் இருக்கும் காற்றுக் குழாய் உப்பால் அடைந்திருக்கிறதா என்று பாருங்கள். இது அடைந்தால் சூடு குறைவதோடு நிற்காது, தொட்டி உப்பிப் பிளக்கவும் கூடும். பிறகு குழல்களின் அடிமுனையில் வெண்பொடி சேர்ந்திருக்கும். கண்ணாடிக் குழல் வகை என்றால் ஒவ்வொன்றாக உருவிக் கழுவலாம். செம்புக் குழாய்கள் ஓடும் தட்டையான பலகை வகை என்றால் உள்ளே அமிலக் கரைசலைச் சுற்றவிட வேண்டும், அது நிறுவியவரின் வேலை. கண்ணாடிக் குழலைக் கழுவித் திரும்பப் பொருத்துவதை விடியற்காலையில் மட்டும் செய்யுங்கள். வெயிலில் காய்ந்த காலிக் குழலில் பச்சைத் தண்ணீர் பட்டால் பட்டென்று தெறித்துவிடும்.

## வாஷிங் மெஷினில் தண்ணீர் நிரம்ப வெகுநேரமாகிறது

மெஷினின் ஹோஸைக் கழற்றி ஒரு வாளிக்குள் விட்டுக் குழாயை முழுதும் திறங்கள். பத்து லிட்டர் வாளி ஒரு நிமிட வாக்கில் நிரம்பினால் வீட்டுக் குழாய் நன்றாக இருக்கிறது, குறை மெஷின் பக்கம்.

### வாளியே மெதுவாக நிரம்பினால்

ஆங்கிள் வால்வைத் திறந்து மூடிப் பாருங்கள்; உள்ளே படிந்த உப்பால் பாதியில் நிற்கும். அது சரியென்றால் மாடித் தொட்டியின் உயரத்தைக் கவனியுங்கள். தண்ணீர் மட்டம் மெஷினுக்கு மேல் ஒரு மீட்டர் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.1 பார் மட்டுமே. மெஷின்கள் பலவும் 0.3 முதல் 0.5 பார்வரை கேட்கும். மேல்மாடி வீட்டில் தொட்டி தலைக்கு மேலேயே இருப்பதால், கீழ் வீட்டில் தெரியாத சிறு அடைப்பும் அங்கே பெரிதாகத் தெரிகிறது. அடைப்பு நீங்கியும் போதாவிட்டால் சிறிய பிரஷர் பம்ப் தேவைப்படும், பிளம்பரிடம் கேளுங்கள்.

### வாளி நன்றாக நிரம்பினால்

மெஷினின் பின்புறம் ஹோஸ் பூட்டும் துளைக்குள் விரல் நுனி அளவில் ஒரு பிளாஸ்டிக் ஜாலி இருக்கும். அதன் நடுவில் உள்ள சிறு மூக்கைப் பிளையரால் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: சதுரக் கண்களில் பாதியை வெள்ளைத் துகளும், மீதியைத் தொட்டியிலிருந்து வந்த பாசியும் அடைத்திருக்கும். வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துத் திரும்பப் பொருத்துங்கள். ஜாலி இல்லாமல் மெஷினை ஓட்டாதீர்கள். எனக்கு வரும் இந்தப் புகாரில் பெரும்பாலானவை இந்த ஜாலியோடு முடிந்துவிடுகின்றன. மெஷினின் மின்னணு போர்டு போய்விட்டது என்று சொல்லக் கேட்டுவிட்டு அழைப்பவர்களுக்கும் அதையே முதலில் கழற்றிக் காட்டுகிறேன். ஜாலி சுத்தமாக இருந்தும் மெதுவாக வந்தால், மின்சாரத்தால் திறந்து மூடும் உள்வரும் சோலினாய்டு வால்வுதான் காரணம். அதற்குப் பிறகுதான் போர்டு. இந்த இரண்டுக்கும் ஆள் வேண்டும்.

## வாஷிங் மெஷினில் தண்ணீர் நிற்காமல் ஏறுகிறது

ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தை அணையுங்கள். அப்போதும் தண்ணீர் ஏறினால், வால்வின் வாயில் உப்புத் துகள் மாட்டி அது மூடவில்லை. உடனே குழாயை அடைத்துவிட்டு வால்வை மாற்றச் சொல்லுங்கள். அணைத்ததும் நின்றுவிட்டால் வால்வு நன்றாக இருக்கிறது. தண்ணீர் மட்டத்தை உணரும் சிறு காற்றுக் குழாய் அடைபட்டிருக்கிறது அல்லது உணரி பழுது.

## துணி விறைப்பாக, வெள்ளை பூத்து வருகிறது

கடினத்தன்மை சோப்பைத் தின்றுவிடுகிறது. முதலில் மெஷினில் துணி அளவைக் குறையுங்கள். அடுத்து, பொடியை விட்டுத் திரவ டிடர்ஜென்ட்டுக்கு மாறி, உறையில் கடின நீருக்கென்று போட்டிருக்கும் அளவைப் பின்பற்றுங்கள். கூடுதலாக ஓர் அலசல் வையுங்கள். சலவைச் சோடா வாளியில் கைத்துவைப்புக்கு நல்ல உதவி. மெஷினில் மட்டும் வேண்டாம், அது பிரிக்கும் சுண்ணாம்பு டிரம்மின் பின்னால் போய் ஒட்டும். மாதம் ஒரு முறை, துணியில்லாமல் 100 கிராம் எலுமிச்சை உப்பைப் போட்டு 60 டிகிரியில் ஓட்டி, பிறகு ஒரு முறை வெறும் தண்ணீரில் ஓட்டுங்கள். டிரம் சுற்றும்போது உறுமலும் அடியில் துருக்கோடும் தெரிந்தால் சீல் போய் பேரிங்கில் உவர்ப்புத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அது பெரிய செலவு. மெஷினின் வயதைக் கணக்கிட்டு முடிவெடுங்கள்.

## ஆர்.ஓ.வில் தண்ணீர் நூலாக வருகிறது

உள்ளே போகும் தண்ணீர், வெளியே வரும் குடிநீர், கழிவுநீர் மூன்றின் டி.டி.எஸ். அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரே நேரத்தில் இரண்டு சொம்பு வைத்து, குடிநீரும் கழிவும் எவ்வளவு வருகின்றன என்று அளந்து பாருங்கள். கிடைத்த விடைக்கேற்ப வழி பிரிகிறது.

குடிநீர் குறைந்து, அதன் டி.டி.எஸ். பழையபடியே இருந்தால் முன்வடிகட்டிக் கேண்டிலைப் பாருங்கள், பழுப்பேறியிருந்தால் மாற்றுங்கள். செலவு சிறிது, பெரும்பாலும் இதுவே காரணம். கேண்டில் புதிதாக இருந்தும் குறைவென்றால் தொட்டியிலிருந்து வரும் அழுத்தம், பிறகு பம்ப், கடைசியாக மெம்பரேன்மீது சுண்ணாம்பு படிவது என்ற வரிசையில் சோதிக்க வேண்டும்.

குடிநீர் தாராளமாக வந்து டி.டி.எஸ். ஏறியிருந்தால், சுவைக்காக வைக்கும் கலவைத் திருகு தளர்ந்து திறந்துகொண்டிருக்கலாம். அதை மூடிப் பாருங்கள். அப்படியும் இறங்காவிட்டால் மெம்பரேன் கிழிந்துவிட்டது.

கழிவுநீர் மிகக் குறைவாக வந்தால் உடனே கவனியுங்கள். வழக்கமாக ஒரு பங்கு குடிநீருக்கு இரண்டு, மூன்று பங்கு கழிவு போகும். கழிவுக் குழாயில் இருக்கும் சிறு கட்டுப்பாட்டுக் குழல் உப்பால் அடைத்துக்கொண்டால், செறிந்த உப்பு வெளியேற வழியின்றி மெம்பரேன்மீதே படியும். தண்ணீரைச் சேமிக்க நினைத்துக் கழிவுக் குழாயைக் கிளிப் போட்டு நெரிப்பவர்களின் மெம்பரேன் சில மாதங்களில் கெட்டுவிடுவதும் இதனால்தான். சேமிக்க நினைப்பது நல்ல மனம். அதற்குக் கழிவை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்துங்கள். 1200 டி.டி.எஸ். தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கைக் குடிநீராக எடுத்தால் கழிவு 1800ஐ நெருங்கும் என்பதால், அதை வாஷிங் மெஷினுக்கும் செடிகளுக்கும் விடாதீர்கள்.

உள்ளே போகும் தண்ணீரே 2000ஐத் தாண்டினால் வீட்டு ஆர்.ஓ.க்களில் பெரும்பாலானவை அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. தெருக் குழாய்த் தண்ணீருக்கெனத் தனிக் குழாய் இழுத்து ஆர்.ஓ.வுக்கு மட்டும் கொடுப்பது, மெம்பரேனை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட நெடுங்காலம் தாங்கும்.

## குழாய், ஷவர், ஃப்ளஷ் தொட்டி

குழாய் நுனியின் ஏரேட்டரைத் திருகிக் கழற்றி வினிகரில் போடுங்கள். ஷவரைக் கழற்ற முடியாவிட்டால் வினிகர் நிரப்பிய பாலித்தீன் பையை அதன்மேல் கட்டி இரவு விடுங்கள். பொன்னிற, கறுப்புப் பூச்சுள்ள குழாய்களுக்கு இதைச் செய்யாதீர்கள், பூச்சு போய்விடும். கைப்பிடி இறுகிப்போனால் பலம் கொண்டு திருகாமல் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள். ஃப்ளஷ் தொட்டி ஓயாமல் ஒழுகினால் மிதவை வால்வின் ரப்பரில் உப்புத் துகள் இருக்கும், கழுவினால் நிற்கும்.

எலக்ட்ரிக் கெட்டிலில் லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு கலந்து சூடாக்கி அரை மணி நேரம் விட்டால் போதும். ஆவி இஸ்திரிப் பெட்டிக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டரைத் தவிர வேறெதுவும் கூடாது, ஆர்.ஓ. தண்ணீரும் கூடாது. டிஷ் வாஷரில் கண்ணாடி மங்கினால் உப்பறையைப் பாருங்கள்; அதற்கென விற்கும் உப்பைத்தான் போட வேண்டும், சமையல் உப்பை அல்ல.

## எல்லா அறிகுறிகளும் திரும்பத் திரும்ப வருகின்றன

கடினத்தன்மை 400க்கு மேல் நிலையாக இருந்து, வீட்டில் மேலே சொன்னவற்றில் குறைந்தது மூன்று அடிக்கடி வந்தால், கடினத்தன்மையை நீக்கும் கருவியான சாஃப்ட்னர் பற்றி யோசிக்கலாம். வாங்கும் முன் நீங்களே ஒரு கணக்குப் போடுங்கள். நாளைக்கு 500 லிட்டர் செலவும், 600 மில்லிகிராம் கடினத்தன்மையும் இருந்தால், ஒவ்வொரு நாளும் 300 கிராம் சுண்ணாம்பை நீக்க வேண்டும். கருவிக்குள் சுண்ணாம்பைப் பிடிக்கும் மணிகளான ரெசின், ஒரு லிட்டருக்கு நடைமுறையில் 50 கிராம் வாக்கில் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் உள்ள கருவி நான்கு நாளில் நிறைந்து, உப்புக் கரைசலால் கழுவக் கேட்கும். ஒவ்வொரு கழுவலுக்கும் சுமார் 3 கிலோ உப்பு. "மாதம் ஒரு தடவை உப்பு போட்டால் போதும்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன் வையுங்கள்.

சாஃப்ட்னர் கடினத்தன்மையை மட்டுமே நீக்கும். உவர்ப்பு அப்படியே இருக்கும், டி.டி.எஸ். குறையாது, கடல் நீர் புகுந்த போரில் ரெசினின் திறனும் குறையும். ஒவ்வொரு 100 மில்லிகிராம் கடினத்தன்மைக்கும் பதிலாக 46 மில்லிகிராம் சோடியம் தண்ணீரில் சேர்வதால், குடிநீருக்கும் சமையலுக்கும் தோட்டத்துக்கும் சாஃப்ட்னருக்கு முன்னாலேயே தனிக் குழாய் பிரித்துவிடுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இது கட்டாயம்.

### சாஃப்ட்னர் போட்டும் படிவு நிற்கவில்லை

வெளிவரும் தண்ணீரைச் சொட்டுக் கிட்டால் சோதியுங்கள், டி.டி.எஸ். மீட்டரை எடுக்க வேண்டாம். கடினத்தன்மை இருந்தால், கருவிக்குள் போகாமல் தண்ணீரை நேரே விடும் பைபாஸ் வால்வு முழுதும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உப்புத் தொட்டிக்குள் ஒரு குச்சியை விடுங்கள்: மேலே கட்டியாகி அடியில் வெற்றிடம் இருந்தால் உப்பு கரையவே இல்லை, உடைத்துவிடுங்கள். அதன் பிறகு ஒரு கழுவலைக் கையால் தொடங்கி, முடிந்ததும் திரும்பச் சோதியுங்கள். அப்போது தண்ணீர் மென்மையாகி இரண்டு நாளில் மறுபடி கடினமானால் கழுவும் இடைவெளியைக் குறைக்க வேண்டும். கழுவியும் சிறிதும் மாறவில்லையென்றால் ரெசின்மீது இரும்பு படிந்திருக்கிறது. அதற்கு முன்னால் இரும்பு வடிகட்டி வைக்காமல் ரெசினை மட்டும் மாற்றுவது வீண் செலவு என்பதால், இரும்பின் அளவும் உள்ள ஆய்வக அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நிறுவியவரை அழையுங்கள். கழுவி வெளியேறும் உப்புக் கரைசலைச் சாக்கடையில்தான் விட வேண்டும்; உறிஞ்சு குழியிலோ கிணற்றோரத்திலோ விட்டால் உங்கள் போருக்கும் பக்கத்து வீட்டுப் போருக்கும் அது திரும்பி வரும்.